செவிடன் வண்டிக்கு ஒரு ஸ்டீரியோ

ஆட்டு, கால நல்லா ஆட்டு. இன்னும் ஒரு வயர்கூட சேரல, அதுக்குள்ள தாளம் போடறான் பாரு. வெளியில பெயிண்டருக்கு இப்பவே சிரிப்பு தாங்கலையாம், கைத்துணிய வாயில அடைச்சுக்கிட்டு நிக்கறான். எதுக்கு அடைக்கணும்னு கேக்கறேன். அவன் ஊரே கேக்கச் சிரிச்சாலும் உன் காதுல விழவா போகுது?

குனிஞ்சு பாக்காதடா தம்பி. நேரா உக்காரு. நான் இங்க டேஷ்போர்டுக்கு அடியில மல்லாந்து கிடக்கேன், என் கால் ரெண்டும் டிரைவர் பக்கக் கதவு வழியா வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. என் மூஞ்சி உனக்குத் தெரியாது. எனக்கும் உன் முட்டியும் செருப்பும்தான் தெரியுது. அது போதும். காது போன இந்த இருபத்திரண்டு வருஷத்துல உதட்டப் பாத்தே பேச்சப் படிக்கக் கத்துக்கிட்ட நீ. உன் எதிர்ல உக்காந்து உன்னை ஏசக்கூட முடியல. ஆனா இந்தப் பொந்துக்குள்ள தலைய விட்டுட்டா நான் ராஜா. என்ன வேணா பேசலாம். உண்மையக்கூடப் பேசலாம்.

சிரிக்காத, நிஜமாத்தான். ஊருக்கெல்லாம் நான் கதை விடறவன். ஒரு புரோக்கர் வண்டிக்குச் செட்டு மாட்டினேன், பேஸ் சத்தத்த ஏத்தினதும் எதுத்தாப்புல பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்திருந்த பதினொரு பேருக்குப் பல்லு தானா கழண்டு விழுந்துச்சு, டாக்டர் வந்து என் கால்ல விழுந்து என் தொழில கெடுக்காதய்யான்னு அழுதாருன்னு சொல்வேன். கேட்டிருக்க மாட்ட நீ. இன்னொருத்தன் வண்டியில டிக்கிய மூடினதும் உள்ள நிக்கற காத்து போக இடமில்லாம வண்டிய நாலு அடி தூக்கி, பக்கத்து வண்டி மேல வச்சுட்டுப் போயிடுச்சுன்னும் சொல்வேன். டயர்க்காரன் அதை நம்பி, எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் அண்ணேன்னு கேட்டான். அப்படி வாழ்ந்தாச்சு. எவன்கிட்டயும் ஒரு நாளும் நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா மனுஷனுக்கு எங்கயாவது ஒரு இடத்துல இறக்கி வைக்கணுமே. உன்னை விட்டா எனக்கு வேற யாரு? சொன்னா வெளிய போகாது. உள்ளயே போகாது, அப்புறம் எங்க வெளிய போக.

அந்த நோஸ் பிளையர் எங்க போச்சு, இங்கதான வச்சேன்.

ம். குடு. பழக்கம் விட்டுப்போகல பாரு உனக்கு. கையக்கூட நீட்டல நான், நீயே எடுத்துக் குடுத்துட்ட. கடையில அந்தக் காலத்துலயும் அப்படித்தான் இருப்ப. எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி உன் கை வந்துடும். அது ஒரு எரிச்சல்.

சரி, உண்மைக்கு வருவோம். உன் பொண்ணு குடுத்து அனுப்பின செட்டு இருக்கே, அதுல ஒரு ஸ்பீக்கரும் இந்த வண்டியில இல்ல. நாலு கதவு ஸ்பீக்கரும், டிக்கிப் பெட்டியும், ஆம்ப்ளிஃபயரும் முந்தாநாளே என் மகன் வண்டிக்குப் போயிடுச்சு. என்னமா பாடுதுங்கற. பொண்ணுக்கு ரசனை இருக்கு, அம்மாவ மாதிரி. உன் வண்டிக்கு நான் வச்சிருக்கறது வெறும் கூடு. பரண்ல கிடந்த கிழிஞ்ச ஸ்பீக்கருங்களுக்குப் புது வலை போட்டு முன்னாடி ஒட்டியிருக்கேன். டிக்கியில பெட்டி காலி, உள்ள பழைய செய்தித்தாள். சுத்தி நீலக் கலர் லைட்டு, அது மட்டும் உண்மை. சாவி திருப்பினா லைட்டு குதிக்கும், ஒரு பழைய தையல் மெஷின் மோட்டார் சீட்டுக்கு அடியில அதிரும். உனக்கு அது போதும்ல? முதுகுல கொஞ்சம் அதிர்வு, கண்ணுல கொஞ்சம் வெளிச்சம். பெயிண்டரும் டயர்க்காரனும் வெல்டரும் வரிசையா நின்னு ஆடறதா பேச்சு. பாட்டே இல்லாம ஆடணும், அதான் போட்டி. யாரு முதல்ல சிரிச்சுடறானோ அவன் தோத்தான். நீ ஜன்னலோரம் கை வச்சு, பெருமையா தலைய ஆட்டிக்கிட்டே தெருவுல ஒரு ரவுண்டு போவ. அதுக்குத்தான் காலையிலேருந்து எவனும் வேலையத் தொடல.

ஏன் கால இழுத்துக்கிட்ட? எறும்பு கடிக்குதா? சரி சரி, ஆட்டு.

தப்புன்னு நினைக்கிறியா? செவிடனுக்கு எதுக்குடா ஸ்டீரியோ? சொல்லு. எட்டு மாசம் பொண்ணு வீட்டுல போய் உக்காந்திருந்துட்டு வந்த. தலையில அடிபட்டுச்சு, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சீட்டுல எழுதிக் காட்டின. இந்த வேகற வெயில்ல கம்பளிக் குல்லா போட்டுக்கிட்டு, நாலு அட்டைப்பெட்டியோட வந்து கடை வாசல்ல நிக்கற. எழுதறான் பாரு சீட்டுல, அண்ணன் கையால மாட்டணும், முதல் பாட்டு அண்ணன்தான் போடணும்னு. என்னத்த முதல் பாட்டு. விழுந்து விழுந்து சிரிச்சேன், நீ சந்தோஷம்னு நினைச்சுட்ட. அடிபட்டதுல மண்டைக்குள்ள ஏதோ நழுவிடுச்சுன்னு நான் பெயிண்டர்கிட்ட சொன்னேன்.

ஒண்ணு மட்டும் நல்லது நடந்திருக்கு. வந்ததுலேருந்து நீ வாயத் தொறக்கல. எல்லாம் சீட்டுதான். முன்னெல்லாம் அண்ணேன்னு ஒரு கூப்பாடு போடுவ, பக்கத்துத் தெருவுல தூங்கற குழந்தை முழிச்சுக்கும். உன் சத்தம் உனக்குத் தெரியாதுல்ல. கல்யாண வீட்டுல ரகசியம் சொல்றேன்னு என் காதுல நீ ஒரு தடவை சொன்னது மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் கேட்டுச்சு. டயர்க்காரன் உன்ன மாதிரியே அச்சா கத்திக் காட்டுவான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

இந்த வயரு எர்த்துக்கு. இரு, திருகிக்கறேன்.

உன் காதைப் பத்தி இப்பவும் பழைய ஆளுங்க பேசறாங்க, தெரியுமா? கடைக்கு மீட்டர் வேணாம், சின்னவர் காது இருக்குன்னு சொல்வாங்க. வண்டி வாசல்ல வந்து நிக்கறப்பவே பின்னாடி இடது ஸ்பீக்கர்ல திருகு லூசுன்னு நீ உள்ளேருந்து சொல்வ. நான் அரை நாள் கழட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கறத நீ கண்ண மூடிக்கிட்டு சொல்லிடுவ. பேரு கடைக்கு என் பேரு. கேட்டு வர்றது உன்னை. சின்னவர் இல்லையா, அப்ப நாளைக்கு வரேன்னு திருப்பிக்கிட்டுப் போவானுங்க, நான் கல்லு மாதிரி முன்னாடி நிக்கறப்பவே.

உன் பொண்டாட்டிக்கு என்னைப் பிடிக்காது. வாய்விட்டுச் சொல்லவே வேணாம், பாத்த பார்வையே போதும். அவ கடைசி நாள் ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரியில மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தாங்க. உனக்கு உதடு தெரியல. அவ என்னமோ சொல்றா, நீ தவிக்கற, என்ன சொல்றா எழுதுண்ணேன்னு சிலேட்ட என் கையில திணிச்ச. நான் எழுதினேன். அண்ணன் சொல்றபடி கேட்டு நடங்கன்னு. நீ அதப் படிச்சுட்டு அவ கையப் பிடிச்சுக்கிட்டு தலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டின. அவ உன்னைப் பாத்து இல்ல இல்லன்னு தலைய ஆட்டினா. போக மனசில்லாம அவ தலைய ஆட்டறாள்னு நினைச்சுட்ட நீ. அப்படியே போயிட்டா.

அவ சொன்னது அது இல்லடா. உங்க அண்ணன் அன்னைக்கு வேணும்னுதான் செஞ்சாரு, நான் கடை வாசல்ல நின்னு பாத்தேன், அவரை நம்பாதீங்க, இதான் சொன்னா. மாஸ்க்குக்குள்ளேருந்து மூணு தடவை சொன்னா. நர்ஸுக்கே கேட்டுச்சு.

என்னடா, பாதம் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது? மரத்துப் போச்சா? எனக்கும்தான் இடுப்பு போச்சு. இன்னும் ரெண்டு திருகு, முடிஞ்சுது.

அன்னைக்குன்னா, அந்த வேன் வந்த அன்னைக்கு. லாரி ஆபீஸ்காரன் மகனோட வேன். பின்னாடி முழுக்க ஹாரன் ஸ்பீக்கரா அடுக்கி வச்சிருந்தான். ஏதோ ஒரு சன்னமான இரைச்சல், கொசு மாதிரி. ரெண்டு நாளா நான் தேடறேன், கிடைக்கல. அந்தப் பொடிப்பயல் என்ன சொன்னான் தெரியுமா? பெரியவரே, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, தம்பி பாக்கட்டும்னான். பெரியவரேங்கறான். எனக்கு அப்ப நாப்பத்தாறு வயசு. நீ சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. சரிங்கன்னு சொல்லிட்டு உள்ள ஏறி, ஹாரன் ரெண்டுக்கும் நடுவுல தலைய விட்டு, கண்ண மூடிக்கிட்ட. அண்ணே, சத்தமே வேணாம், வால்யூம் நாப் பூஜ்யத்துல இருக்கட்டும், நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்கன்ன.

நாப் என் கையில இருந்துச்சு.

ஆம்ப் ஷார்ட் ஆகித் தானா கத்திடுச்சுன்னு ஊருக்குச் சொன்னேன். நல்ல கதை, நானே பாதி நம்பிட்டேன். இத்தனை வருஷமா நீயும் அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்த. அதோட நிறுத்தினியா, அண்ணன்தான் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாருன்னு ஒரு வரி சேர்த்துக்குவ. ஒவ்வொரு தடவையும் அதக் கேக்கறப்ப எனக்குப் பொறுக்கல. லேசா ஒரு திருப்பு, பயந்து எழுந்திரிப்பான், நாலு பேரு சிரிப்பாங்க, அவ்வளவுதான் நினைச்சேன்னு சொல்லலாம். ஆனா உன்கிட்டப் பொய் சொல்றதில்லன்னு பேச்சு. முழுசாத் திருப்பினேன். நீ கத்தினப்புறமும் கொஞ்ச நேரம் கைய எடுக்கல.

அவ்வளவுதான். கடைசித் திருகும் ஏறிடுச்சு. நகரு, வெளிய வரேன்.

அப்பாடா. இனிமே நான் நல்ல அண்ணன், இனிமே வாயில தேன்தான். உதட்ட நல்லாப் பாத்துக்கோ. தம்பி, ரெடியா? பயலுகளா, வரிசையா நில்லுங்கடா, சாவியத் திருப்பப் போறேன். இதோ.

பாத்தியா லைட்ட? பாரு பாரு, வெல்டர் எப்படி ஆடறான்னு. பெயிண்டர் இடுப்பப் பாரு. எப்படி தம்பி, பாட்டு? சூப்பரா? கட்டைவிரலக் காட்டு. என்ன அப்படியே உக்காந்திருக்க? பேஸ் பத்தலையா?

என்னது?

பாட்டு எங்கன்னு கேக்கறியா?

இதோ பாடுது பாரு, லைட்டு குதிக்குதே. நீ எப்படி மெதுவாப் பேசற? உனக்குத்தான் மெதுவாப் பேச வராதே.

மோட்டாரா. ஆமா. தையல் மெஷின் மோட்டார். பேரிங் போயிருக்கா? இருக்கும், பழசுதான். அது உனக்கு எப்படி. குல்லாவ ஏன் கழட்டற? அதென்ன காதுக்குப் பின்னாடி, பட்டன் மாதிரி? தலையில ஒட்டிக்கிட்டு நிக்குது. காது கேக்க வைக்கிற ஆபரேஷனா. பாத்ரூம்ல விழல நீ.

எப்பத்திலேருந்து, தம்பி? இப்ப வெளிய வந்தப்புறமா? நோஸ் பிளையர் குடுத்தியே, அப்பவா? அதுக்கும் முன்னாடியா?

கதவ ஏன் தொறக்கற. ஜன்னல எல்லாம் எதுக்கு இறக்கற, வெயில் வருது. டேய் பெயிண்டர், நிறுத்துங்கடா ஆட்டத்த, போய் வேலையப் பாருங்க. அவங்கள ஏன் கிட்டக் கூப்பிடற? அவங்களுக்கு என்ன வேணும்? என்ன சொன்ன? மெதுவாப் பேசறடா, எனக்கு இந்த மோட்டார் சத்தத்துல சரியாக் கேக்கல.

மறுபடியும் சொல்லணுமா? எத?

முதல்லேருந்தா?

கொஞ்சம் சத்தமாவா?