பேருந்து நிறுத்தச் சுவரைக் காயவைத்த பெருந்தகைக்கு

'வர்ணம் ஈரம், தொடாதீர்' என்ற பலகையைப் படித்த பின்னும் தொடாமல் போகிற மனிதர் இவ்வுலகில் இதுவரை ஒருவரே பிறந்திருக்கிறார். அவர் இன்று பணி ஓய்வு பெறுகிறார்.

அன்புசால் மேற்பார்வையாளர் ஐயா! வெறுஞ்சுவரைக் கண்டால் வேதனையுறும் விழியே! விரல் பதிந்த சுவரைக் கண்டால் வெகுண்டெழும் வேங்கையே! சாந்தும் சாயமும் சாரமும் சந்தேகமுமாக முப்பத்தோராண்டு நகராட்சிச் சுவரோவியப் பிரிவைச் சுமந்த தோளே! ஊரார் சூட்டிய 'ஈரம் சார்' என்னும் பட்டத்தை உவப்பும் காட்டாமல் கசப்பும் காட்டாமல் ஏற்றுக்கொண்ட உள்ளமே! வணக்கம்.

மேலே கண்ட உலகச் செய்தி நாங்கள் ஆராய்ந்து அறிந்ததன்று. நாங்கள் பணியில் சேர்ந்த முதல் வாரம் தாங்களே அறிவித்து, பிறகு வாரம் இருமுறை தவறாமல் நினைவூட்டி வந்தது. ஆள்காட்டி விரலால் தொடுபவன் சந்தேகப் பேர்வழி, கட்டைவிரலால் தேய்ப்பவன் சண்டைக்காரன், உள்ளங்கையை முழுசாக வைப்பவன் கவுன்சிலர் என்று மனித குலத்தை மூன்றே வகுப்பாகப் பிரித்துக் காட்டிய பேரறிவு தங்களுடையது. "அவனுக்குப் படிக்கத் தெரியுது. நம்பத்தான் தெரியல" என்று சொல்லிக்கொண்டே, தரையிலிருந்து நாலடி உயரம்வரை பதிந்த கைரேகைகளை ஒவ்வொரு சுவரிலும் திருத்தித் திருத்தித் தங்கள் முதுகு வளைந்த கதையை முதுகே சொல்லும்.

ஓவியம் வரைவிப்பதிலும் தாங்கள் ஒரு தினுசு. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிறுத்தச் சுவருக்கு என்ன படம் என்று கேட்டபோது, ஊர்ப் பெரியவர்கள் உதயசூரியன் என்றார்கள். அன்றைய நகராட்சித் தலைவர் அருவி என்றார். பத்து மைல் சுற்றளவில் அருவி கிடையாது. தாங்களோ, அன்று புதிதாய் வேலைக்கு வந்திருந்த ஓவியர் அக்காவிடம், "தினம் பஸ்ஸுக்கு நிக்கிற சனத்தையே வரைம்மா. இந்த ஊர்ல அதுதான் பெருசா நடக்குது" என்றீர்கள். வரிசையில் முப்பத்து நான்கு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் மூன்றாமவரான தையற்காரர், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் நேரில் வந்து, தம் மீசைக்குப் பழைய கறுப்பே போதும் என்று மன்றாடிப் போவார். கடைசியில் நீலக் குடை பிடித்து நிற்பவர், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார். "இருபத்தெட்டு வருஷமா நிக்க வச்சிருக்கீங்க, இன்னும் பஸ் வரல" என்று அவர் சொல்லாத நாளில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

அந்தச் சுவருக்குத்தான் இந்த மாதம் கண்டம் வந்தது. பின்புறத்துக் குடிநீர்க் குழாய் வெடித்து, பூச்சு பொருமி, வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் இடுப்புக்குக் கீழே உதிர்ந்துபோயிற்று. மாதக் கடைசிக்குள் படம் முடியாவிட்டால் சுவர் முழுக்க டைல்ஸ் என்று இன்றைய தலைவர் ஆணையிட்டார். ஆணைக்கு முன்பே டைல்ஸ் வந்து, பெட்டி பெட்டியாகச் சுவரடியில் அடுக்கப்பட்டது. மாதக் கடைசி தங்கள் பணியின் கடைசியும் ஆனது.

கொத்தனார் அண்ணன் புதுப் பூச்சுப் பூசி முடித்தார். தாங்கள் ஒரு சாண் பாலிதீன் தாளை நாலு பக்கமும் ஒட்டி, ஒவ்வொரு மாலையும் வந்து பார்த்தீர்கள். உள்ளே நீர்த்துளி இருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. தூரிகை எடுக்கக் கூடாது. முதல் நாள் துளி. ஐந்தாம் நாள் துளி. பன்னிரண்டாம் நாளும் முத்து முத்தாகத் துளி. அடித்துவிடலாம் என்று ஓவியர் அக்கா கெஞ்சினார். "ஈரத்துல அடிச்சா ஆறே மாசத்துல உரியும். அப்புறம் டைல்ஸ்தான் சரின்னு ஆயிடும்மா" என்றீர்கள். அன்று தாங்கள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாயிருந்தது.

பதின்மூன்றாம் நாள் தூக்கம் பிடிக்காமல் விடிந்ததும் சுவருக்கு வந்தீர்கள். அங்கே கொத்தனார் அண்ணன், கையில் ரப்பர் குழாயோடு, சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே?"

"புதுப் பூச்சு சார். தண்ணி விடலேன்னா வெடிச்சிடும்ல? ஒரு நாள் தவறல."

தாங்கள் மாலை மாலை சோதித்த சுவரை அவர் காலை காலை நனைத்திருக்கிறார். அது மட்டுமா, தங்கள் பாலிதீன் தாளைப் பக்குவமாய் உரித்து வைத்து, நனைத்து முடித்து, பழையபடியே ஒட்டிவிட்டும் போயிருக்கிறார். தங்கள் பொருள்மீது அவருக்கு அவ்வளவு மரியாதை. அவருக்கு வேலை போயிற்று என்றுதான் நினைத்தோம். தாங்களோ டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். முப்பத்தோராண்டில் அப்போதுதான் தங்கள் பல்வரிசையைப் பார்த்தோம். "சுவர் மேல தப்பில்ல, நம்ம மேலதான்" என்றீர்கள். அந்த 'நம்ம' என்ற ஒரு சொல்லுக்காக, அடுத்த பத்து நாளும் அலுவலகத்து மின்விசிறிகளைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் புழுங்கினோம், முணுமுணுத்தவர் ஒருவருமில்லை.

துளி நின்றது. அக்கா வரைந்தார். முப்பத்து நான்கு பேருக்கும் கால் வந்தது. இன்று காலை குடைக்குக் கடைசி நீலம் தீட்டி முடிக்க, தாங்களே பலகையை மாட்டினீர்கள். நண்பகலில் டைல்ஸ் பெட்டிகள் வண்டியேறின. அப்போது விட்டோம் ஐயா, ஒரு மாதமாய் அடக்கி வைத்திருந்த மூச்சை!

இனித் தங்கள் காலை விடியும்போது எந்தச் சுவரும் தங்கள் நெஞ்சில் வந்து நிற்காதிருக்கட்டும். வளைந்த முதுகு நிமிரட்டும். தாங்களும் துணைவியாரும் காத்திருந்த பேருந்து வந்து, ஜன்னலோர இருக்கையும் வாய்த்து, நூறாண்டு நோயின்றிப் பயணம் போக மனமார வேண்டுகிறோம்.

இக்கடைசிப் பத்தி, மடலுக்குச் சட்டம் போடுவதற்குச் சற்றுமுன் பேனாவால் சேர்க்கப்பட்டது. மூன்று மணிக்கு இவ்வரங்கத்துக்கு வரும் வழியில் தாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றதையும், இடமும் வலமும் பார்த்ததையும், தாங்கள் மாட்டிய பலகையைத் தாங்களே ஒருமுறை படித்ததையும் சாரத்தை அவிழ்க்க மேலே ஏறியிருந்த ஓவியர் அக்கா பார்த்துவிட்டார். குடையின் ஓரத்தில் பதிந்திருக்கும் ரேகையை இப்பிரிவில் எவரும் திருத்தப்போவதில்லை. சட்டத்தின் கண்ணாடி இப்போதுதான் துடைத்தது. ஆகவே, வலக்கை ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிக்கொண்டு பெற்றுக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.

பலகையை இனி மாட்டப்போகும்,
நகராட்சிச் சுவரோவியப் பிரிவினர்