செவந்த தண்ணி மட்டி

ஐயோ, மூட்டையைப் பிரிக்காதீங்ண்ணா. நான் சொல்றதைக் கேட்டுட்டுப் பிரிங்க. எடப்பாடிச் சந்தை எங்கயும் ஓடிப்போவாது.

கள்ளா? நானா? ஜில்லா பூராவும் கள்ளுக்கடையை மூடிப்போட்டாங்களே, எங்கண்ணா போயிக் குடிக்கறது? நாக்கு கொஞ்சம் கொழறுது, அவ்வளவுதான். தறிக்கார ராசப்பன் மவன் கந்தவேலுங்க. ஆமாங்க, பி.ஏ. படிச்சுட்டு மலையாளக் கரையில மீன் ஆபீசுல இருக்கறவன்தான். லீவுல வந்திருக்கேன். மீன் எண்ணற உத்தியோகமா? சரி, சிரிச்சுக்குங்க. மூட்டை மேல இருந்து கையை மட்டும் எடுங்க.

இந்தக் காஞ்ச மட்டிச் சிப்பிக்கறி எந்தக் கழிமுகத்துச் சரக்குன்னு வந்ததும் கேட்டனில்லீங்க, நீங்க சொன்ன பேரு எங்க ஆபீசு இருக்கற எடமுங்க. இந்த வருசம் காத்து கடல்ல மேல்தண்ணியை அப்பால தள்ளிருச்சு. அடியில கெடந்த சில்லுத்தண்ணி மேல வந்துது. எருப் போட்ட மாதிரி சத்துங்க அதுல. அப்புறம் மழை விட்டு, சுள்ளுனு வெயிலு. காத்தும் நின்னுபோச்சு. கழிமுகத்துத் தண்ணி அசையாம நிக்க, கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகி, எங்கூட்டுச் சாயத்தொட்டியாட்டம் செவந்துபோச்சுங்க. மட்டி அந்தத் தண்ணியத்தான் உறிஞ்சும். அது சாவாது. அதைத் திங்கறவங்களுக்குத்தான்...

நாத்தம் இல்லைதானுங்க. புழுவும் இல்லை. ஆனா காய வெச்சாலும் கொதிக்க வெச்சாலும் அந்த விசம் போவாதுன்னு சீமையில எழுதியிருக்கறாங்க. நம்ம கரையில யாரும் சோதிச்சதில்லை. அதனால நிச்சயமாச் சொல்லப்படாதுன்னு இன்னிக்குக் காத்தால வரைக்கும் இருந்தனுங்க.

காத்தால என்னவா? நேத்து வண்டியில இருந்து எறக்கறப்பவே, மூட்டை ஓரத்தைப் பிரிக்கச் சொல்லி ஒரு அம்மா வாங்கிட்டுப் போவலீங்களா? பாவாயி. எங்கம்மாதானுங்க. மவன் கடலோரத்துல இருக்கறவன், கடல் சாமான்னா ஆசையாத் திம்பான்னு. நான் அங்க ஒருநாளும் தொட்டதில்லீங்க. இன்னிக்குக் காத்தால கத்திரிக்காயோட போட்டுக் கொழம்பு வெச்சிருந்துது. தின்னு கை கழுவறப்பத்தான் என்ன கொழம்புன்னு கேட்டேன். அப்பவே ஒதடு மரத்துப்போச்சு.

அம்மா திங்கலீங்க. நான் தின்னு எந்திரிச்ச பொறவுதான் அது சோத்துல கை வெக்கும். சட்டியைக் குப்பைக்குழியில கவுத்துட்டு நேரா இங்கதான் ஓடியாறேன்.

ஆசுபத்திரிக்குத்தானுங்க, போறேன். சேலத்து பஸ்ஸு அந்தா நிக்குது. மொதல்ல மூட்டையைக் கட்டுங்கண்ணா. நானே கட்டிப்போடுவேன், வெரலு மடங்க மாட்டேங்குது.