கோவளத்துலேர்ந்து ஒரு போன்

அய்யய்யே, அத்தத் தொடாதீங்க சார்! ரிசீவர வைங்க... வைங்க சார் மொதல்ல. ஆங். இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க? வெளிய போர்டுல எஸ்டிடின்னு எழுதிக்கீது, கரீட்டு. போன் கீது, மீட்டர் கீது, ஓனர் நானும் கீறேன். ஆனா இப்ப பேச முடியாது. எனக்கு ஒரு போன் வரணும். கோவளத்துலேர்ந்து. நீங்க திருச்சிக்குப் போட்டு, மாமியாரு மூட்டு வலிலேர்ந்து ஆரம்பிச்சி வூட்டு நாயி வரைக்கும் விசாரிச்சுகினு இருந்தீங்கன்னா அந்தப் போன் எப்டி சார் வரும்? லைன் ஒண்ணுதான கீது. ஒக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுகினு ஒக்காருங்க, வந்துடும்.

சும்மா போன் இல்ல சார், கல்யாண விசயம். யாருக்கா? எனக்குத்தான். இன்னா, மேலேர்ந்து கீழ பாக்குறீங்க? பாருங்க, பாருங்க, காசா பணமா. எல்லாரும் அப்டித்தான். கண்ணு மூஞ்சில ஆரம்பிக்கும், சட்டையத் தாண்டும், காலாண்ட வந்து நின்னுகினே இருக்கும். அப்பால மேல ஏறவே ஏறாது. கொழந்தையில வந்த போலியோ சார், நாலு பேர் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறது. எங்க அப்பா வெச்ச பேரு ஏசுபாதம். பாதத்த பேர்ல வெச்சிட்டாரு, கால்ல வெக்கத்தான் மறந்துட்டாங்க மேல கீறவங்க.

சிரிக்கலாம் சார். நல்லா சிரிங்க. இதுக்கு சிரிக்கலாமா கூடாதான்னு மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிக்கிறீங்க பாருங்க, அதான் எனக்கு பேஜாரா கீது.

இந்தக் கவுண்டரு கீதே, இத்தப் பாருங்க. பூத்து சாங்சன் ஆனது இன்னா கோட்டாவுல? ஹேண்டிகேப்டு கோட்டாவுல. பொன்னுசாமி ஆசாரியக் கூப்ட்டு, 'அண்ணே, இது எனக்கு, பாத்து செய்யி'ன்னேன். அந்தாளும் எழைச்சி எழைச்சி செஞ்சாரு, வார்னீஷ்லாம் அடிச்சாரு. முடிச்சிட்டு மூணு சக்கர சைக்கிள உள்ள தள்ளினா, பலகை என் நெத்தியாண்ட நிக்குது சார்! மீட்டர் மேல கீது, நான் கீழ கீறேன். 'இன்னாண்ணே இது?'ன்னா, 'நின்னுகினு பாத்தா கரீட்டா இருக்குமேப்பா'ன்றாரு. யாரு நிக்கிறது? மறுபடி வந்து நாலு காலையும் அறுத்தாரு. அறுக்கச் சொல்ல அந்தாளுக்கு எம்மேல கோவம் வேற. நல்ல மரமாம், வீணாப் பூடுச்சாம்.

மணி இன்னா சார் ஆவுது? உங்க வாட்சிலயும் அதானா.

அப்பறம் சிட்லபாக்கத்துலேர்ந்து ஒரு பெரியவரு வருவாரு. ஸ்ரீநிவாசராகவன் சார். ரிடையர்டு. ஞாயித்துக்கெழம ராத்திரி ரேட்டு கொறைஞ்சப்பறம் டெல்லியில கீற புள்ளைக்குப் போடுவாரு. தங்கமான மனுசன். ஆனா பேத்திய இட்டுகினு வந்தாருன்னு வெச்சிக்குங்க, முடிஞ்சிது. என்னைய காட்டி, 'பார்த்தியாம்மா, இவருக்குக் காலே இல்ல, எப்படி உழைக்கிறார் பார்! உனக்கு எல்லாம் இருந்தும் கணக்குல பெயில்'னு ஆரம்பிச்சிடுவாரு. கால் இல்லாம இல்ல சார், கால் கீது, வேலை செய்யாது, அவ்ளோதான். அந்தப் பொண்ணு என்னைய பாக்குது பாருங்க ஒரு பார்வ... அது பெயிலானதுக்கு நான்தான் காரணம்ற மாதிரி. எனக்கும் கணக்கு வராது தாயின்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். டெல்லிக்குப் பேசினா மீட்டர் ஓடுது. என்னைய வெச்சிப் பாடம் நடத்தினா எந்த மீட்டரு ஓடுது? எல்லாம் ஓசி.

ஓட்டலுக்குப் போங்களேன். எங்க அருள்மேரி, என் தங்கச்சி, பக்கத்து வூடுதான், சோறு அதான் ஆக்கிப் போடுது... அது கூட ஒருதபா போனேன். சர்வர் வந்து அதாண்ட கேக்கறான் சார், 'இவரு இன்னா சாப்புடுவாரு?'ன்னு. எனக்குக் காலுதான் வராது, வாய் வரும்டா பேமானின்னேன். அவன் மறுபடியும் அதாண்டயே திரும்பி, 'கோவமா கீறாரா?'ன்றான்!

இதெல்லாங்கூட பரவால்ல. எங்க சர்ச்சு ஆளுங்க கீறாங்களே... இந்தப் பக்கம் எங்க சுகமளிக்கும் கூட்டம் போட்டாலும் மொத வரிசைல என்னையக் கொண்டாந்து நிறுத்திடுவாங்க. போன வருசம் மெட்ராஸ்லேர்ந்து ஒரு பிரசங்கியாரு. கோட்டு, சூட்டு, கையில மைக்கு. நேரா என்னாண்ட வந்தாரு. 'எழுந்து நட!'ன்னாரு. ரெண்டு வாலண்டீரு அக்குள்ல கை குடுத்துத் தூக்கிட்டானுங்க. ஜனம் அல்லேலூயான்னு கத்துது, பேண்டு அடிக்கிறான். எனக்கே ஒரு நிமிசம் மெர்சலாயிடுச்சி சார், பொய் சொல்ல மாட்டேன். வுட்டானுங்க. நேரா கீழ. த்தோ, தாவாங்கட்டைல தழும்பு, பாருங்க. மைக்குல இன்னா சொன்னாரு தெரியுமா? 'சகோதரனுக்கு விசுவாசம் பத்தல.' ரத்தம் எனக்கு, பெயிலும் எனக்கு! அவரு கோட்டுல ஒரு பொட்டு மண்ணு படல.

இருங்க இருங்க, எங்க எழுந்துக்கிறீங்க? இப்ப வந்துடும் சார். எதுத்தாப்ல பூத்து கீதுன்னு பாக்குறீங்களா? அது குப்பன் பூத்து. போங்களேன், உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, அதுவும் எங்க கோட்டாதான். அவன் பொண்டாட்டியோட அண்ணன் ஒருத்தரு, கண்ணு தெரியாதவரு, ஊர்ல கீறாரு. பேரு அவருது, கல்லாப்பொட்டி இவனுது. அந்த மனுசன் அந்தப் போன ஒருதபாகூட தொட்டதில்ல. குப்பனுக்குக் கண்ணு, காலு, கை, எல்லாம் சோக்கா கீது. போறாததுக்கு எங்க கோட்டாவும் வேணும். கேட்டா, 'உனக்கு இன்னாபா, கவர்மெண்டு எல்லாம் குடுக்குது'ன்றான்.

ஆங், பொண்ணு விசயம் பாதில நிக்குது. சாராளு. கோவளத்துல பால்வாடி டீச்சரு. அருள்மேரி புருசனோட சொந்தம். மொறைப்படி நாங்கதான போயி பொண்ணு பாக்கணும்? கோவளம் பஸ்ல என் சைக்கிள ஏத்த மாட்டான். கார் வெச்சிகினு போலாம்னா அருள்மேரி புருசனுக்கு லீவு இல்ல. அத்தொட்டு அவங்களே ஞாயித்துக்கெழம இங்க வந்துட்டாங்க. அந்தப் பொண்ணும், அவங்க அம்மாவும். பஸ் மாறி மாறி. எல்லாமே ஏறுமாறு சார். நான் பவுடர் போட்டு, வெள்ள சட்டை போட்டு வூட்ல குந்திகினு கீறேன், பொண்ணு வந்து என்னைய பாக்குது. மடியில பஜ்ஜி தட்ட வெச்சிகினு சைக்கிள உருட்டினு போயி அதுக்கு நீட்டினது யாரு? நான்தான்!

இங்க பொண்ணு எடத்துல குந்திகினு கீறது நான்தான்னு அப்பவே புரிஞ்சினு இருக்கணும். நமக்குத்தான் மாப்ள கெத்து ஏறிகினு கீதே.

அந்தப் பொண்ணு வாசல்லேர்ந்து நடந்து வரச் சொல்லவே பாத்துட்டேன். ஒரு காலு குட்ட. அந்தக் காலுக்கு மட்டும் தடி அட்டை வெச்ச செருப்பு. சாஞ்சி சாஞ்சி வருது. அருள்மேரி இத்த என்னாண்ட சொல்லவே இல்ல சார். 'நீ நேர்ல பாரு, புடிக்கும்'னு சொன்னா, அவ்ளோதான். என் கண்ணு இன்னா பண்ணிச்சு தெரியுமா? மூஞ்சில ஆரம்பிச்சுது... வுடுங்க. எங்க போயி நின்னுதுன்னு நான் சொல்லணுமா.

அதோட கம்முனு இருந்திருக்கலாம். இந்த வாய் கீதே வாய். எல்லார் எதுக்கவும் அருள்மேரியாண்ட கேட்டுட்டேன். 'ஏம்மா, நல்ல பொண்ணு ஒண்ணுகூடவா கெடைக்கல உனக்கு? ஒரே வூட்ல ரெண்டு நொண்டி இன்னாத்துக்கு? தண்ணி லாரி வந்தா கொடத்த யாரு தூக்கறது?'

மொறைக்காதீங்க சார். நான் கேட்டதுல இன்னா தப்பு, நீங்களே சொல்லுங்க. வூட்டுக்கு ஒரு ஜோடி நல்ல காலு வேணாமா? எனக்கு டீ போட்டு எடுத்தாந்து குடுக்க, கடைக்கு ஓட, ஆத்திரம் அவசரத்துக்கு... காலுக்கோசரம் பொண்ணு கட்டுறியான்னு அருள்மேரி புருசன்கூட கேட்டான். அவன் கேப்பான். அவனுக்கு ரெண்டு கீது.

பொண்ணோட அம்மா மூஞ்சி செத்துப்போச்சு. சாராளு இன்னா பண்ணிச்சுன்றீங்க? அழுவும்னு பாத்தேன். அழுவல. கையில இருந்த பஜ்ஜிய முழுசா துன்னு முடிச்சிது. கைய தொடச்சிது. அப்பால என்னைய நேரா பாத்து, மூஞ்சிய மட்டும் பாத்து சார், கண்ணு கீழயே எறங்கல... 'உங்க வூட்டு வாசப்படி இவ்ளோ ஒசரமா கீதே, நீங்க எப்டி ஏறுறீங்க?'ன்னு கேட்டுச்சு. மச்சான் தூக்கிவுடுவான்னேன். 'அவரு வெளிய போயிருந்தா?' வாசல்லயே குந்திகினு இருப்பேன்னேன். 'நான் உள்ள வரச் சொல்லவே நெனச்சேன், மொதல்ல அத்த ஒடச்சி சாய்வா பூசணும்னு'ன்னுது. சொல்லிட்டு லேசா சிரிச்சுது.

கொழந்தையிலேர்ந்து அந்தப் படியில என்னைய மூட்ட தூக்கற மாதிரி தூக்கினு ஏத்துறாங்க சார். எங்க அப்பாவுக்குத் தோணல, மச்சானுக்குத் தோணல, எனக்கே தோணலியே! வந்து ஒரு டீ குடிக்கறதுக்குள்ள அதுக்குத் தோணிக்கீது.

அப்பால எழுந்து அவங்க அம்மா கையப் புடிச்சினு, 'சரிங்க, ஊருக்குப் போயி தகவல் சொல்றோம்'னுது. சார், அது எங்க டயலாக்கு! மாப்ள வூட்டுக்காரன் சொல்றது சார் அது! பஜ்ஜி துன்னுட்டு, பல்லு குத்தினு, 'தகவல் சொல்றோம்'னு நாம சொல்லணும், பொண்ணு வூட்ல நகத்தக் கடிச்சினு காத்துனு இருக்கணும். அது சொல்லிட்டுப் போயிடுச்சு, நான் இங்க போன பாத்துகினு குந்தினு கீறேன். கெளம்பச் சொல்ல பூத்து நம்பரு கேட்டுச்சு. நான் சொல்லச் சொல்ல பேனாவால உள்ளங்கையில எழுதிகினு போச்சு. அதான் எனக்கு டவுட்டு. பஜ்ஜி துன்ன கைய கழுவியிருந்தா? நம்பரு அழிஞ்சிருக்கும்ல? இருக்கும் சார். கண்டிப்பா அதான்.

அருள்மேரி அன்னைலேர்ந்து என்னாண்ட பேசறதில்ல. சோறு வருது, டப்பாவ டமார்னு வெக்கிறா, போயிடறா.

நான் இன்னா பண்ணேன்னு கேளுங்க. பொன்னுசாமிய மறுபடி கூப்ட்டேன். மரம் இல்லண்ணே, இந்த தபா சிமெண்டு வேலைக்கு உனுக்குத் தெரிஞ்ச ஆளக் கூட்டியான்னேன். படிய ஒடச்சாச்சு சார். சாய்வா பூசியாச்சு. இன்னும் ஈரம் காயல, சாக்கு போட்டு மூடி வெச்சிக்கீது. நேத்து அவசரம் தாங்காம நானே உருட்டி ஏறிப் பாத்தேன். சக்கரத் தடம் பதிஞ்சிப்போச்சு. ஆனா ஏறிட்டேன் சார். எவன் கையும் இல்லாம எங்க வூட்டுக்குள்ள நானே போனேன். உள்ள போயி யாராண்ட சொல்றதுன்னு பாத்தா, வூட்ல யாரும் இல்ல.

எனக்கு அந்தப் பொண்ண புடிச்சிப் போச்சு சார். அவ்ளோதான் விசயம். இத்த ஞாயித்துக்கெழமயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

போறீங்களா? குப்பன் பூத்துக்கேவா? சரி, போங்க. நான் யாரு தடுக்க, உங்களுக்குக் கால் கீது, ரோட்டத் தாண்டுனா ஆச்சு. ஒரே ஒரு உதவி சார். நீங்க திருச்சிக்குப் போடறதுக்கு முன்னாடி, அவன் போன்லேர்ந்து இந்த நம்பர ஒருதபா போடுங்க. இதே பூத்து நம்பருதான், போர்டுல கீது பாருங்க. எடுத்தா டோன் வருது, வெளிய போவுது. ஆனா உள்ள வர்ற லைனு செத்துகித்து போயிருந்தா? பாவம், அது அங்கேர்ந்து போட்டுப் போட்டு ஓஞ்சிருக்கும், நான் பாட்டுக்கு இங்க அத்தத் திட்டினு கீறேன். மணி அடிக்கலன்னா லைன்மேனாண்ட சொல்லணும். மறக்காதீங்க சார். பாத்துத் தாண்டுங்க, தாம்பரம் வண்டி கண்ணு மண்ணு தெரியாம வரும்!

...

...

அடிக்குது! அல்லோ! அல்லோ, சாராளா? நான்தாம்மா, ஏசுபாதம்! படிய ஒடச்சிட்டேம்மா, நீ சொன்னாப்லயே சாய்வா... நான் அன்னைக்கு வாய் தவறி... ஆங்? யாரு?

ஓ. நீங்களா சார்.

அடிச்சுது சார். நல்லா அடிச்சுது. லைனு நல்லாத்தான் கீது போல. ஆமாமா, தேங்க்ஸ் சார்.

இன்னாது? நானே போடறதா? கோவளத்துக்கா? நம்பரு கீது சார். அருள்மேரி அன்னைக்கே எழுதி மீட்டரு மேல ஒட்டிவெச்சிட்டுப் போயிட்டா. கண்ணு எதுக்கதான் கீது. அதில்ல சார்... நான் போட்டா லைன் பிஸி ஆயிடுமே. அந்த நேரம் பாத்து அது போட்டுச்சுன்னா?

வைங்க சார். வைங்க, லைனப் புடிச்சிக்காதீங்க.