மூன்றாம் தொகுதி

டப்... டப்... டப்...

சின்னுசாமியின் கை நிற்கவில்லை. முத்திரையை மையில் ஒற்றிப் புத்தகத்தின் கடைசித் தாளில் குத்தினார். 'திரும்பப் பெறப்பட்டது.' அடுத்தது. டப்.

மாலை ஐந்தே முக்கால். மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்க்கூட்டத்தின் சின்ன நூலகம். வாசலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. பனி மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தது.

நம் பிரேமின் சித்தப்பா சின்னுசாமிக்கு நடந்தது இது. பிரேம் இதோ பக்கத்தில்தான் இருக்கிறான். கூட்டிச் சொன்னால் என்னைத் தடுக்கட்டும்.

மறுநாள் காலை தணிக்கை. ஒரு புத்தகம் குறைந்தாலும் சித்தப்பாவின் பதினோரு வருஷ வேலை போய்விடும்.

தப்பு அவருடையதுதான். பழைய செய்யுள் உரைகளையும், கல்வெட்டுத் தொகுப்புகளையும் எடுத்துப் போக மலையில் ஆளில்லை. ஆள் எடுக்காவிட்டால் நூலகத்தை மூடிவிடுவார்கள். அதனால் இறந்துபோன உறுப்பினர்களின் பெயரில் பன்னிரண்டு புத்தகங்களை இரவல் எழுதினார். பதினொன்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பன்னிரண்டாவது பீரோவில் இல்லை. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போய் எடுத்து வர முடியாது.

பெருக்க வந்த பாப்பாத்தி துடைப்பத்தைச் சாத்திவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, செத்தவங்க பேருல புஸ்தகத்தை எழுதி வெச்சா, அவங்க படிக்காமயா உடுவாங்க?"

"படிக்கட்டும். உசுரோட இருக்கறவங்கதான் தொடறதில்லையே."

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்லீங்க. கடைசி பஸ்ஸு... நான் வாரேன்."

பஸ் இறங்கிப் போகும் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்தது. பிறகு எதுவும் இல்லை.

ஏழாவது புத்தகத்தைத் திறந்தபோதுதான் கவனித்தார். அச்சகத்திலிருந்து வந்த நாள் முதல் தாள்கள் பிரிக்கப்படாமல் ஒட்டிக் கிடந்த கல்வெட்டுத் தொகுப்பு அது. இப்போது ஒவ்வொரு தாளும் பிரிந்திருந்தது. கத்தியால் வகுந்த மாதிரி, நேராக. நடுவே அடையாளத்துக்கு ஒரு மிளகுக் காம்பு. பச்சை வாசனை இன்னும் போகவில்லை.

முதல் ஆறையும் புரட்டினார். எல்லாமே படிக்கப்பட்டிருந்தன.

பீரோ சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது.

பயம் வரவில்லை. போன ஆடியிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு, குளிர், பயம்... எதுவுமே. ஏழாவதிலும் முத்திரை குத்திவிட்டு மீதி நாலையும் எடுத்தார். டப். டப். டப். டப்.

அப்போது ஜன்னல் கம்பிக்குள் ஒரு புத்தகம் நுழைந்தது.

தடித்த அட்டை. செய்யுள் உரை, மூன்றாம் தொகுதி. அட்டை ஊறி உப்பியிருந்தது. ஈரமண் நாற்றம். நீட்டிய கை பனிக்குள் முழங்கைவரைதான் தெரிந்தது.

பன்னிரண்டாவது.

வாங்கினார். முத்திரை குத்தினார். கணக்கு நேராகிவிட்டது. வேலை தப்பித்தது.

கை போகவில்லை.

"ஏனுங்க... அடுத்தது இருக்குதுங்களா?"

வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து நாலாம் தொகுதியை உருவிக் கொடுத்தார். பதிவேட்டில் எழுதினார்.

காலையில் தணிக்கை அதிகாரி வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தார்.

"நாலாம் தொகுதி எங்கே?"

"வாசகர்கிட்ட இருக்குதுங்க."

பதிவேட்டைப் புரட்டிய அதிகாரியின் விரல் ஒரு பெயரில் நின்றது. உறுப்பினர் பட்டியலில் அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு.

"இவங்க காலமாயிட்டாங்கன்னு இருக்கே. தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. விலையைக் கட்டிட்டா இந்த ஒரு தடவை நான் கண்டுக்கலை, வேலை தப்பிக்கும்."

"தொலையலைங்க."

மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுச் சித்தப்பா நடந்தே ஊருக்குப் போனார்.

அந்தப் பெயர் தேன்மொழி. பிரேமின் சித்தி. போன ஆடியில் இறந்தபோது மூன்றாம் தொகுதியைப் பாதிதான் முடித்திருந்தாள். குழிக்குள் இறங்கி, அவள் தலைமாட்டில் அந்தப் புத்தகத்தை வைத்து மண்ணைத் தள்ளியவர் சித்தப்பாதான்.