கோணிமூஞ்சியின் இடது கை

— அதக் கீழ வை கர்ட். உள்ள குண்டூசி குத்தி வெச்சிருக்கேன்.

— குத்தினாக் குத்தட்டும். சத்தியமா சொல்றேன் அக்கா, பிரமாதமா வந்திருக்கு. இதே கோணிமூஞ்சி வேஷம்தான் எனக்கும் வேணும். பெரிய அளவுல.

— நாப்பத்தோரு வயசுல உனக்கு என்னடா ஹாலோவீன் வேஷம்?

— ஏன், எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? நாளைக்கு ஊர்ப் பிள்ளைங்க பாதிப் பேர் இதுலதான் திரியப் போகுது. அந்தக் கோணிமூஞ்சி பேய்ப்படம் வந்ததுலேர்ந்து தீவனக் கடையில காலிச் சாக்கு ஒண்ணு கிடைக்கல. நான் மூணு பிடிச்சு வெச்சிருந்தேன். இந்தா.

— கடையிலயே தைச்சு விக்கறாங்களே.

— அது மூக்கு வரைக்கும்தான் இருக்கு. எனக்குக் கழுத்து வரைக்கும் மூடணும்.

— எங்க போறதுக்கு?

— ஊர்வலத்துக்குத்தான்.

— ஊர்வலம் போன சனிக்கிழமையே முடிஞ்சு போச்சு.

— அப்படியா? சரி, எங்க லாரி ஷெட்டுல ஒரு பார்ட்டி.

— கேளு கர்ட். உனக்குக் கழுவி விட்டு வளத்தவ நான். எங்கிட்டயே கதை விடறியா?

— கோவப்படாத அக்கா. மேப்பிள் தெருவுக்கு. போதுமா?

— ஜோலீன் இருக்கற தெருவுக்கா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கோர்ட்டுல என்ன சொன்னாங்க? உன் பொண்டாட்டியா இருந்தவ கிட்டயும் உன் பொண்ணு கிட்டயும் ஐநூறு அடிக்குள்ள நீ போகக் கூடாது. ஷெரிஃப் பிடிச்சா நேரா ஜெயில்தான்.

— அது கர்ட்டுக்கு. கோணிமூஞ்சிக்கு இல்லையே. வருஷத்துல இந்த ஒரு நாள்தானே இருக்கு? ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் தெரு முழுக்க மூஞ்சிய மூடிட்டு நடக்கும். யாரும் யாரையும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க. டெஸ்ஸா அவ அம்மாவோட வீடு வீடா மிட்டாய் கேட்டு வருவா. நான் ஓரமா நின்னு பாப்பேன்.

— பாத்துட்டுத் திரும்பிடுவியா?

— கிட்டப் போய் அவ பையில ஒரு நிலக்கடலை சாக்லேட் போடுவேன். வேறென்ன பண்ணப் போறேன்? கோணிமூஞ்சி படம் முழுக்க வாயத் திறக்க மாட்டான் தெரியுமா? தலைய மட்டும் ஒரு பக்கமா சாய்ப்பான். நானும் அப்படியே நிப்பேன். குரல வெச்சுக் கூடக் கண்டுபிடிக்க முடியாது.

— நீயாவது, பேசாம நிக்கறதாவது.

— எட்டு மாசமா சாராயம் ஒரு சொட்டு தொடலியே, அது முடியுது. சத்தியமா, ரெண்டு நிமிஷம் வாய மூட முடியாதா?

— அவ்வளவு கூட்டத்துல அவள எப்படித் தெரியும்?

— தேனீ அக்கா! வருஷா வருஷம் தேனீதானே. கம்பிய வளைச்சு, ஜோலீனோட பழைய ஸ்டாக்கிங் இழுத்துக் கட்டி நான் பண்ணின றெக்கை. தெருக்கோடில வந்தாலே கண்டுபிடிச்சிடுவேன்.

— அவளுக்குப் பத்து வயசு ஆயிடுச்சுடா.

— ஆனா என்ன? பத்து வயசுல தேனீயா இருக்கக் கூடாதா? ஏன் அப்படிப் பாக்கற?

— டீத்தண்ணி கொதிக்குது. சாக்க முக்கணும், தள்ளு.

— குடு, நான் பண்றேன். நீ பண்ணினா சீரா சாயம் ஏறும், புதுத் திரைச்சீலை மாதிரி இருக்கும். கசக்கி அங்கங்க முடிச்சுப் போட்டு முக்கணும். அப்பத்தான் மண்ணுல புதைச்சு எடுத்த மாதிரி இருக்கும். இது யாருக்கு?

— ஊர்ல ஒரு குழந்தைக்கு.

— கொடுத்து வெச்ச குழந்தை. ஆனா கண்ணு ஓட்டைய இப்படியே விட்டா முழி தெரியுமே. உள் பக்கமா கறுப்பு வலைத்துணி ஒட்டு. போட்டுக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும், எதிர்ல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. துணி இருக்கா?

— அந்த பிஸ்கட் டப்பாவுல பாரு. நீ விடு, நான் ஒட்டிக்கறேன்.

— பசை எடு. உன் கண்ணாடிய வெச்சுட்டு நீ ஒட்டி முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும். ரத்தம் காச்சிட்டியா?

— சோளப் பாகுல சிவப்புச் சாயம் கலந்து வெச்சிருக்கேன்.

— இது ஜாம் மாதிரி இருக்கே. ஒரு கரண்டி கோக்கோ போடு, கறுக்கும். நிஜ ரத்தம் கறுப்பாத்தான் இருக்கும்.

— உனக்குத் தெரியாததா.

— குத்திக் காட்டாத அக்கா. அன்னிக்கு ரத்தமே வரல.

— எலும்பு உடைஞ்ச சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுதாம்.

— குழந்தைய என் கார்ல ஏத்தப் போனப்ப ஜோலீன் வந்து அவளோட ஒரு கையப் பிடிச்சுக்கிட்டா. நான் இன்னொரு கையப் பிடிச்சிருந்தேன். அவ விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.

— நீ விட்டிருந்தா?

— போதைல இருந்தேன்.

— அதனாலதான் அவ விடல. குடிச்சவன் ஓட்டற வண்டில எந்தத் தாயி பிள்ளைய ஏத்தி விடுவா?

— தெரியும். ராத்திரி பகல் அதத்தான் நினைச்சிட்டிருக்கேன். ஆனா குழந்தைங்க எலும்பு சீக்கிரம் கூடிடும். ஆஸ்பத்திரில அந்த நர்ஸே சொன்னா. இந்நேரம் பந்து எறிஞ்சு விளையாடிட்டு இருப்பா.

— கர்ட், வலை ஒட்டினது போதும். மீதிய நான் பாத்துக்கறேன். நீ கிளம்பு.

— இந்த வேஷத்துக்குத் தைச்ச கோட்டு, அதையும் பாத்துட்டுப் போறேனே. ஐயோ அக்கா, நீயா தைச்ச? இடது கை இவ்வளவு குட்டையா இருக்கு. முழங்கை கிட்ட வேற வளைச்சு வெட்டியிருக்க.

— அளவெடுத்துத்தான் வெட்டினேன்.

— ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நாலு விரக்கடை வித்தியாசமா? பிரிச்சுத் தரேன், கத்தரி எங்க?

— தொடாத.

— நிமிஷத்துல ஆயிடும்.

— தொடாதன்னு சொல்றேன்ல! அந்தக் கை அவ்வளவுதான் நீளும். ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணியாச்சு. அதுக்கு மேல நிமிராது.

— எந்தக் குழந்தைக்கு?

— கர்ட்.

— எந்தக் குழந்தைக்கு அக்கா?

— நீ சொல்லாம கொள்ளாம பின்வாசல்ல வருவேன்னு தெரிஞ்சிருந்தா ஒளிச்சு வெச்சிருப்பேன்.

— நிமிரவே நிமிராதா?

— சட்டைய மாட்டிக்கவே இன்னொருத்தர் வேணும். தலை பின்னிக்க முடியல.

— யாரும் எங்கிட்ட சொல்லலியே.

— யாரு வந்து சொல்லுவா?

— தேனீ வேண்டாம்னுட்டாளா?

— போன ஞாயித்துக்கிழமை வந்து இதே நாற்காலில உக்காந்தா. "அத்தை, எனக்குக் கோணிமூஞ்சி. கழுத்து வரைக்கும் மூடணும். கண்ணு வெளிய தெரியக் கூடாது. அவன் பேச மாட்டான்ல, நானும் பேச வேண்டாம்ல"ன்னா.

— எதுக்காம்?

— விடுடா.

— சொல்லு. எல்லாத்தையும் சொன்னல்ல, இதையும் சொல்லு.

— "அப்பா எதிர்ல வந்து நின்னாலும் நான்தான்னு தெரியக் கூடாது"ன்னா.

— இந்தப் பசைய மூடி வெச்சுடு.

— தண்ணி குடிக்கறியா?

— வேண்டாம். அக்கா, அந்த வலை நல்லா ஒட்டியிருக்கான்னு இழுத்துப் பாரு.

— ஒட்டியிருக்கு. உள்ள ஒண்ணுமே தெரியல.

— சரி, நான் வரேன்.

— உன் சாக்கு மூணும் இங்க இருக்கு.

— எனக்கு எதுக்கு? அக்கா, நாளைக்கு எட்டு மணி வரைக்கும் என் வண்டிச் சாவி உங்கிட்ட இருக்கட்டும். அப்புறம் அந்த இடது கையப் பிரிச்சிடு. ரெண்டு கையையும் விரல் மறையற மாதிரி தொளதொளன்னு ஒரே அளவாத் தைச்சிடு.

— ஏன்டா? சாவியத்தான் குடுத்துட்டியே.

— நடந்தாவது போயிடுவேன் அக்கா. அந்தக் கைய இப்படியே விட்டா, எத்தனை பேர் நடுவுல நின்னாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்.