கைக்கு வர்ற வரைக்கும்

– அந்த ஸ்டூல்ல உக்காராதீங்கண்ணே. இன்னிக்கு வரைக்கும் நான்தான் இந்த பேண்டுக்கு டிரம்ஸ்.

– உக்காரலம்மா, உயரம் பாத்தேன். நான் வாசிச்ச காலத்துல இன்னும் ரெண்டு விரல் ஏத்தி வெச்சிருப்பேன்.

– பதினாறு வருஷமா என் உயரத்துலதான் இருக்கு. அதுல கை வெச்சா கெட்ட கோவம் வரும் எனக்கு.

– சரி தாயே, வைக்கல.

– நெஜமாத்தான் கேக்கறேன். உங்க எடத்துக்கு நான் வந்தேன்னு இத்தனை வருஷம் மனசுல வெச்சிருந்து, இப்ப பழி தீத்துக்க வந்தீங்களா?

– நம்ம பேண்டு பாட்டுக்காரன் கூப்பிட்டான், வந்தேன்.

– என்ன சொல்லிக் கூப்பிட்டான்?

– உனக்கு வாய் நீளமாம். ரெக்கார்டு பண்ணின தாளத்த ஓடவிட்டு, அதுக்கு மேல சும்மா கைய ஆட்டச் சொன்னா மாட்டேங்கிறியாம். நான்னா வாயில்லாப் பூச்சியாம், சொன்னபடி கேப்பேனாம்.

– மாட்டேன்னுதான் சொன்னேன், இன்னமும் சொல்வேன். டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் எதுக்கு வர்றான்? நான் வேர்த்துக் கொட்டி அடிக்கறத கேக்கத்தானே? இருபத்தெட்டு வருஷத்துல இங்க எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் போனாங்க. கிடார் மட்டும் ஏழு பேர். ஒருத்தனாவது மேடையில வாசிக்கற மாதிரி நடிச்சிருக்கானா?

– இல்ல.

– அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டீங்க?

– நம்ம வழக்கம் ஒண்ணு இருக்கே. ரெண்டாவது கிடார்காரன் பாதி நிகழ்ச்சியில கோவிச்சுக்கிட்டுப் போக, நாங்கல்லாம் மேடையில திருதிருன்னு முழிச்சோம். அப்ப வெச்சது.

– தெரியும்ணே. போறவங்க வர்றவங்களுக்கு எல்லாப் பாட்டையும் சொல்லிக் குடுக்கணும். புது ஆள் எல்லார் முன்னாடியும் ‘கைக்கு வந்துடுச்சு’ன்னு சொல்ற வரைக்கும் பழைய ஆள்தான் மேடையேறணும். அதுக்காகத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு இங்க நிக்கறேன். ஆரம்பிக்கலாமா?

– நீ எத்தனை நாள்ல சொன்ன?

– நாலே நாள்ல. நீங்க ஷூவைக்கூட மாட்டாம கையில தூக்கிக்கிட்டுப் படியிறங்கிப் போனீங்க. கீழ டயர் கடைக்காரங்க எல்லாம் வேலைய விட்டுட்டுப் பாத்தாங்க. எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு, பெருமை தாங்கல. அது தப்புண்ணே. இன்னும் ஒரு மாசமாவது உங்கள வாசிக்க விட்டிருக்கணும்.

– விடும்மா. நான் எத்தனை நாள்ல சொல்வேன்னு பாட்டுக்காரன் நெனைக்கறான்?

– ரெண்டு நாள்ல. பாதிப் பாட்டுக்கு தாளம் போட்டதே நீங்கதானே.

– அவனும் இந்த வழக்கத்துலதான் உள்ள வந்தான், மீற முடியாது. நீ போய் மேடைக்குத் தயாராகு. எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு, மண்டையில எதுவும் நிக்க மாட்டேங்குது. இந்த ஜென்மத்துல எனக்குக் கைக்கு வரப்போறதில்ல.