எதிரணியின் பாட்டு

டெல்மி: ...உட்காரேன் வில்பர். எத்தனை தடவை எழுந்திரிப்ப? பின்னாடி இருக்கிறவங்க முணுமுணுக்கிறாங்க.

வில்பர்: முணுமுணுக்கட்டும். இன்னும் எவ்வளவு நேரம்?

டெல்மி: இப்பதான கேட்ட. ரெண்டு டீமும் இன்னும் உள்ளதான் இருக்கு.

வில்பர்: மேட்ச் இல்ல... தேசிய கீதம். முதல்ல நம்மளுது போடுவாங்களா, அவங்களுதா?

டெல்மி: வந்தவங்களுது முதல்ல. நம்ம எல் சால்வடார். அப்புறம் அமெரிக்கா. உனக்குத் தெரியாதா? இந்த ஹூஸ்டன்ல நீ பாக்காத மேட்ச்சா?

வில்பர்: தெரியும்... சும்மா கேட்டேன்.

டெல்மி: அப்புறம் அதென்ன ‘அவங்களுது’? உன் பொண்ணு பொறந்த நாடு அது.

வில்பர்: அவ பொறந்தா. நான் பொறந்தேனா? இருபத்தி மூணு வருஷமா இந்த ஊர்ல கூரை போடுறேன். பாதி ஊரு நான் போட்ட கூரைக்குக் கீழதான் தூங்குது. இன்னும் இங்க இருக்கக் குடுத்த என் அட்டையில ‘தற்காலிகம்’னுதான் எழுதியிருக்கு. ஒவ்வொரு தடவையும் போய் நின்னு, இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கட்டுமான்னு கேட்கணும். நீயும்தான் கூட நிக்கிற.

டெல்மி: நிக்கிறேன். அதுக்காக அவங்க பாட்டுக்கு நான் விசிலடிக்கிறேனா?

வில்பர்: உனக்கு விசில் வராது.

டெல்மி: சிரிப்பு காட்டாத... வில்பர், இன்னைக்கு ஒரு நாள் அடிக்காம இரேன்.

வில்பர்: ஏன்?

டெல்மி: சும்மாதான். தலை வலிக்குது.

வில்பர்: தலைவலிக்காரி முரசுக்குப் பக்கத்துல வந்து உட்காருவாளா?

டெல்மி: டிக்கெட் எடுத்தது நீ.

சாந்தோஸ்: என்னப்பா, புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்தா? தலைவன் இப்படி உட்கார்ந்திருக்கான், பக்கத்துல முரசு அநாதையா கிடக்குது.

டெல்மி: சாந்தோஸ் அண்ணே, இன்னைக்கு இவரை விட்டுடுங்களேன்.

சாந்தோஸ்: விடுறதா? நல்லாச் சொன்ன போ. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி இந்த வரிசை பூரா நீலச் சட்டை. எல்லாரும் இவன் வாயைத்தான் பாக்குறாங்க. அமெரிக்காக்காரன் பாட்டு ஆரம்பிச்சதும் இவன் விரலை வாயில வெக்கணும், அப்புறம்தான் மத்தவன். இல்லன்னா சுருதியே சேராது.

வில்பர்: ...வர்றேன் சாந்தோஸ். நீ போ.

சாந்தோஸ்: முகமே சரியில்லையேடா. இன்னைக்குத் தோக்கப் போறோம்னா? நாம எப்பவும்தான் தோக்குறோம். ஆமா, உன் பொண்ணு, என் ஞானமகள எங்க காணோம்? கத்யா இல்லாம மேட்ச்சா?

டெல்மி: வேலை. பல் ஆஸ்பத்திரில.

சாந்தோஸ்: சனிக்கிழமை சாயங்காலம் எவனுக்குப் பல்லு புடுங்குறாங்க?

டெல்மி: அது... அவசரம்னு கூப்பிட்டாங்க.

வில்பர்: ஆமா. அவசரம்.

சாந்தோஸ்: சரி. நம்ம பாட்டு முடிஞ்சதும் வந்து சேரு. முரசு இங்கயே, உன் காலடியில இருக்கட்டும்.

டெல்மி: ...போயிட்டாரா? வா, வெளிய போய் ஆளுக்கொரு பப்பூசா சாப்பிட்டு வருவோம். கூட்டமே இல்ல இப்ப.

வில்பர்: தொண்டையில இறங்காது.

டெல்மி: அப்ப தண்ணியாவது வாங்கிட்டு வா.

வில்பர்: இப்ப எதுக்கு என்னைத் துரத்துற?

டெல்மி: துரத்தல... நீ நின்னா உட்கார மாட்டேங்கிற, உட்கார்ந்தா காலை ஆட்டுற. பாக்கவே எனக்குப் படபடன்னு இருக்கு.

வில்பர்: உனக்கு எதுக்குப் படபடப்பு? உனக்கு ஃபுட்பாலே பிடிக்காதே.

டெல்மி: ...எழுந்திரு. டீம் வருது. நம்ம பாட்டு.

வில்பர்: நிக்கிறேன்.

டெல்மி: நின்னா போதுமா? எப்பவும் நெஞ்சுல கை வெச்சு ஊரைக் கூட்டுவ. இன்னைக்கு வாயே திறக்க மாட்டேங்கிற?

வில்பர்: மனசுக்குள்ள பாடுறேன்.

டெல்மி: உனக்கு உள்ள பாடத் தெரியும்னு இன்னைக்குத்தான் தெரியுது... வில்பர். ஒண்ணு சொல்லணும். கோபப்படாத.

வில்பர்: சொல்லு.

டெல்மி: பாட்டு முடியட்டும்.

வில்பர்: முடியுது. சொல்லு.

டெல்மி: அங்க பாரு... வெள்ளை கவுன். நடுவுல மைக்கை நோக்கி நடந்து வர்றா பாரு ஒருத்தி.

வில்பர்: ம்.

டெல்மி: கத்யா.

வில்பர்: ம்.

டெல்மி: வெறும் ‘ம்’தானா? காதுல விழுந்துச்சா? உன் பொண்ணு. அமெரிக்காவோட பாட்டை அவதான் பாடப் போறா. ஊர் பூரா எத்தனையோ பேர் பாடிக் காட்டினாங்க, இவளைத்தான் எடுத்தாங்க. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அவகிட்ட நான்தான் சொன்னேன். எனக்குப் பயம்... இந்தக் கூட்டத்துல உனக்கு இருக்கிற பேரு... வில்பர், அடிச்சிடாத. உன்னைக் கும்பிடுறேன்.

வில்பர்: கையை விடு. வலிக்குது.

டெல்மி: விட மாட்டேன். விட்டா வாயில வெப்ப.

வில்பர்: வெக்கல.

சாந்தோஸ்: டேய் வில்பர், ஸ்பீக்கர்ல என்னடா பேரு சொல்றான்? கத்யா மெல்கார்னு சொன்னான். நம்ம கத்யாவா?

டெல்மி: ஆமா அண்ணே. உங்க மடியில வெச்சு ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைதான். கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தச் சொல்லுங்க.

சாந்தோஸ்: ஐயோ... பல் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்களே... டேய், கையை எடுங்கடா. எவனாவது வாயில விரல் வெச்சான், ஒடிச்சிருவேன். அது நம்ம பிள்ளைடா. கீழ இறக்கு... ஏய், உன்னத்தான்...

வில்பர்: நம்ம வரிசை அடங்கும். மேல் அடுக்கை யார் அடக்குறது?

டெல்மி: ஆரம்பிச்சிட்டா. ஆண்டவரே, ஆரம்பிச்சிட்டா... கேளு, மேலேருந்து விசில் வருது. அந்த மூலையிலயும் அடிக்கிறாங்க. யாருன்னே தெரியாம அடிக்கிறாங்களே... வில்பர்? எதுக்குக் குனிஞ்சுட்ட? முகத்தைக் காட்டு.

வில்பர்: என்னால பாக்க முடியல. நீ பாத்துச் சொல்லு.

டெல்மி: என்னத்தச் சொல்ல?

வில்பர்: நிறுத்திட்டாளா?

டெல்மி: இல்ல. பாடுறா.

வில்பர்: கண்ணை மூடியிருக்காளா?

டெல்மி: திறந்துதான் இருக்கா. நேரா நம்ம பக்கம் பாக்குற மாதிரி இருக்கு. பெரிய திரையில முகம் தெரியுது, பாரேன்.

வில்பர்: வேண்டாம். விசில் கூடுதே... கூடுது பாரு.

டெல்மி: கூடத்தான் செய்யுது. அவளும் விடல.

வில்பர்: இப்ப மேல ஏறுற வரி வரும். அதுக்கு ரெண்டு வார்த்தை முன்னாடியே அவ மூச்சு இழுக்கணும். இழுத்தாளா?

டெல்மி: என்னது?

வில்பர்: மூச்சு. தோளைப் பாரு டெல்மி. தோளு ஏறுச்சா?

டெல்மி: ...ஏறுச்சு.

வில்பர்: அப்பாடா. இனி உடையாது.

டெல்மி: உனக்கு எப்படி...

வில்பர்: பேசாத. கேளு.

டெல்மி: கடைசி வரி... நீட்டிப் பாடுறா.

வில்பர்: முடிஞ்சுதா?

டெல்மி: முடிஞ்சுது. முழுசா பாடிட்டா. மைக்கை வெச்சிட்டு, அவசரமே இல்லாம நடந்து போறா. எதிர்ப்பக்கம் எழுந்து கை தட்டுறாங்க... நம்ம ஆளுங்களும் சில பேர். மேல இன்னும் விசில் நிக்கல.

சாந்தோஸ்: வில்பர்... டேய். என்ன பொண்ணுடா அது. நம்ம வரிசையில அத்தனை பேரும் கையைக் கட்டிட்டு நின்னோம். ஆனா மேல அடிச்ச அடியில எனக்கே காது அடைச்சுப் போச்சு. அவ இமைகூட அசைக்கல. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல தன்னந்தனியா நின்னுச்சு பிள்ளை. சர்ச்சுல பாடுற பிள்ளைக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கேருந்து வந்துச்சு?

டெல்மி: அதத்தான் நானும் கேட்கப் போறேன். வில்பர், நிமிரு. எந்த வரியில மூச்சு எடுக்கணும்னு உனக்கு யார் சொன்னது? அந்தப் பாட்டுல ஒரு வார்த்தைகூட உனக்குத் தெரியாதே.

வில்பர்: இப்ப தெரியும். எல்லா வார்த்தையும்.

டெல்மி: எப்படி?

வில்பர்: நீ கத்தக் கூடாது.

டெல்மி: கத்தல. சொல்லு.

வில்பர்: உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே அவ என்கிட்ட வந்துட்டா. பாடட்டுமான்னு கேட்கல. ‘நீங்கல்லாம் விசிலடிக்கும்போது எப்படிப்பா நிறுத்தாம பாடுறது’ன்னு கேட்டா. சாந்தோஸ்கிட்ட சொல்லி மேல் அடுக்கை நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதான்... தினமும் காலையில அவள வேலைக்குக் கூட்டிட்டுப் போறப்ப, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி வேனை நிறுத்தி, கண்ணாடிய ஏத்திருவோம். அவ பாடுவா. நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, ரெண்டு விரலையும் வாயில வெச்சு, அவ முகத்துக்கு நேரா விசிலடிப்பேன். முதல்ல எல்லாம் பாதியிலயே நிறுத்திட்டு அழுவா. கண்ணைத் துடைச்சிட்டு, ‘இன்னும் பலமா அடிப்பா’ம்பா... அடிச்சேன் டெல்மி. நேத்து காலையிலதான் முதல் தடவையா கடைசி வரி வரைக்கும் போனா.